உபுண்டு 24.04-க்கு மாறியதும் திரை கறுத்துவிட்டதா? ஜிடி 730 கார்டைத் தூக்கிப் போடும் முன் பார்க்க வேண்டியவை

மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதை 24.04-க்கு மேம்படுத்தும்போது நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. இப்போது கணினியைப் போட்டால் கணினி நிறுவனத்தின் லோகோ வருகிறது, அதன் பிறகு திரை கறுப்பு. ரெக்கவரி மோடில் போனால் மட்டும் பெரிய பெரிய எழுத்துகளோடு ஒரு மானிட்டர் எரிகிறது, இரண்டாவது மானிட்டர் செத்துக் கிடக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடி 730, 2 ஜிபி. பார்க்க வந்த சர்வீஸ்காரர் “கார்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்த ஆல்பங்கள் பாக்கி நிற்கின்றன. கார்டு வாங்குவதா, ஃபார்மேட் அடிப்பதா என்பது அவர் கேள்வி.

இரண்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. லோகோ சுத்தமாகத் தெரிகிறது என்கிறீர்களே, அந்த லோகோவைத் திரைக்குக் கொண்டுவருவதும் இதே கார்டுதான். அந்த நேரத்தில் எந்த டிரைவரும் (கார்டை இயக்கும் மென்பொருள்) வேலை செய்வதில்லை. கார்டுக்குள் பதிந்திருக்கும் சிறு நிரலே அதைச் செய்துவிடும். கார்டு உண்மையிலேயே பழுதாகியிருந்தால் லோகோ வரும்போதே பெரும்பாலும் கோடுகள், புள்ளிகள், கலைந்த கட்டங்கள் தெரியும். இல்லையென்றால் லோகோவே வராது. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: மானிட்டர் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் இருக்கும் துளையில் இல்லையே? பெட்டியை நகர்த்தித் துடைத்த பிறகு கேபிளை மாற்றிச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும்.

பம்ப்செட் ஓடவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் மும்முனை மின்சாரம் வந்திருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா, இங்கும் அதே வரிசைதான். கார்டுக்கும் திரைக்கும் நடுவில் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), டிரைவர், அந்த டிரைவருக்கான அனுமதி, திரையை அமைக்கும் நிரல் என்று பல கண்ணிகள் இருக்கின்றன. எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் நிறுவ வேண்டும். பார்க்காமலே ஒன்றன் மேல் ஒன்றாக டிரைவரை நிறுவிக்கொண்டே போவதால்தான் அரை மணி நேர வேலை மூன்று நாள் வேலையாகிறது.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதிலிருந்த கெர்னல் 5.15. 2024 ஏப்ரலில் 24.04 வந்தபோது அது 6.8. அதற்குப் பிறகு வந்த திருத்த வெளியீடுகளில் இன்னும் புதியது. என்விடியாவின் டிரைவர் கெர்னலுக்குள் பிறந்து வளர்ந்தது இல்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. அதனால் கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிரைவரின் ஒரு பகுதியை அந்தக் கெர்னலுக்கு ஏற்பப் புதிதாகக் கட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்வதற்கு டிகேஎம்எஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மேம்படுத்தும்போது அதுதான் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், திரையில் பெரிதாக எதுவும் காட்டாது. உங்கள் கணினியில் கரண்ட் போனது அது ஓடிக்கொண்டிருந்த நேரமாக இருக்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வரும் நூவோ என்ற திறமூல டிரைவர் என்விடியா கார்டுகளை ஓட்டக்கூடியது. ஆனால் என்விடியாவின் டிரைவரை நிறுவும்போது “நூவோவை ஏற்றாதே” என்று ஒரு தடைக்கோப்பு எழுதப்படும், இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இப்போது என்விடியா டிரைவர் கட்டப்படாமல் அரைகுறையாக நின்றுவிட்டது, தடைக்கோப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இவரும் இல்லை, அவரும் இல்லை. கார்டை ஓட்ட ஆளே இல்லாத நிலை. கறுப்புத் திரைக்கும், ரெக்கவரி மோடில் மட்டும் மட்டமான தெளிவில் படம் வருவதற்கும் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் காரணம்.

முதலில் உள்ளே நுழைவோம். கணினியைப் போட்டு, லோகோ வந்தவுடன் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் கிரப் பட்டியல் வரும். முதல் வரியில் நின்று ‘ஈ’ விசையை அழுத்தினால் சில வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்று இருக்கும். அதன் பின் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுவிடாது. தெளிவு குறைந்த திரை வந்தால் போதும், டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரம்) திறந்துகொள்ளலாம். அதுவும் வரவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடவுச்சொல்லைத் தட்டும்போது நட்சத்திரக் குறிகூடத் தெரியாது, பயப்படாமல் தட்டி என்டர் அழுத்துங்கள்.

இணையம் வேண்டும். எழுத்துத் திரையிலிருந்து வைஃபையை அமைப்பது தொல்லை. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிட்டால் கணினி அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் வேறெதுவும் செய்ய வேண்டியிருக்காது.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. முதலில் எதையும் நிறுவாமல் நான்கு விஷயங்களை மட்டும் படியுங்கள்.

‘எல்எஸ்பிசிஐ’ என்ற கட்டளையை ‘-கே’ சேர்த்துக் கொடுத்தால் கணினியில் செருகியிருக்கும் கார்டுகள் எல்லாம் வரிசையாக வரும். அதில் விஜிஏ என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி இருந்து, அதில் என்விடியா என்றிருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, சிக்கல் அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. நூவோ என்றிருந்தால் திறமூல டிரைவர் ஓடுகிறது. அந்த வரியே இல்லை என்றால் நான் மேலே சொன்ன ‘ஆளே இல்லாத’ நிலை. நோமோட்செட் போட்டு நுழைந்திருந்தால் நூவோ வேண்டுமென்றே ஒதுங்கியிருக்கும், அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்எஸ்பிசிஐ காட்டுவதில் இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் விஷயத்தில் இதுதான் மிக முக்கியம். ஜிடி 730 என்ற பெயரில் என்விடியா ஒரே கார்டை விற்கவில்லை. ஒரு வகை ஃபெர்மி தலைமுறைச் சில்லு. அதற்கு ஜிஎஃப்108 என்று பெயர், 96 கோர்கள், 128 பிட் நினைவக இணைப்பு. இன்னொரு வகை அடுத்து வந்த கெப்ளர் தலைமுறை. அது ஜிகே208, 384 கோர்கள், 64 பிட் இணைப்பு. அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கடையில் வாங்கும்போது யாரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் டிரைவர் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். கெப்ளருக்குக் கடைசியாக வந்த டிரைவர் வரிசை 470. ஃபெர்மிக்கு 390, அதற்கான ஆதரவை என்விடியா 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. எல்எஸ்பிசிஐ காட்டும் வரியில் ஜிகே208 இருக்கிறதா, ஜிஎஃப்108 இருக்கிறதா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எடுக்கப்போகும் முடிவெல்லாம் இந்த எழுத்துகளை வைத்துத்தான்.

அடுத்தது ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’. என்விடியா என்று ஒரு வரி வந்து, அதில் டிரைவர் எண்ணும் கெர்னல் எண்ணும் ‘இன்ஸ்டால்ட்’ என்ற சொல்லும் இருந்தால் கட்டும் வேலை முடிந்திருக்கிறது. அந்தக் கெர்னல் எண்ணை ‘யுநேம் -ஆர்’ காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய கெர்னலுக்கு மட்டும் கட்டப்பட்டு, புதிய கெர்னலுக்கு இல்லை என்றால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. ‘ஆடட்’ என்று மட்டும் இருந்தாலும் அப்படித்தான், பொருள் வந்து இறங்கியிருக்கிறது, கட்டப்படவில்லை.

மூன்றாவது ‘மோகுடில் --எஸ்பி-ஸ்டேட்’. செக்யூர் பூட் இயங்குகிறதா என்று ஒரே வரியில் சொல்லும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான்காவது கெர்னலின் நாட்குறிப்பு. ‘சூடோ டிமெஸ்ஜி’ கொடுத்து, வருவதில் என்விஆர்எம் என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். பொருத்தமில்லாத டிரைவரை நிறுவியிருந்தால் கெர்னல் இங்கே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும்: இந்தக் கணினியில் இருக்கும் ஜிடி 730 கார்டுக்கு 470 வரிசைப் பழைய டிரைவர்தான் பொருந்தும், இப்போது இருக்கும் டிரைவர் இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஃபெர்மி என்றால் 390 என்று வரும். “லேட்டஸ்ட் டிரைவர் போட்டேன் சார், அப்படியும் வரலை” என்று சொல்பவர்கள் பலர் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். இந்தக் கார்டுக்கு 535-உம் 550-உம் எத்தனை முறை நிறுவினாலும் வராது.

படித்தாகிவிட்டது. உங்கள் ஆல்பங்கள் காத்திருக்கின்றன என்பதால் என் ஆலோசனை, முதலில் கணினியை வேலைக்குக் கொண்டுவந்துவிட்டு, என்விடியா டிரைவரை ஆற அமரப் பார்க்கலாம் என்பது. பக்கம் அமைக்க, ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஓட்ட, இரண்டு மானிட்டர்களை எரியவைக்க நூவோவே தாராளமாகப் போதும். டார்க்டேபிளில் ரா படங்களைத் திருத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும். அது ஓபன்சிஎல் வழியாகக் கார்டின் கணக்குத் திறனை எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் பிராசஸரிலேயே ஓடும். வேகம் குறையும், வேலை நிற்காது.

நூவோவுக்குத் திரும்ப, மின்தடையில் அறுந்துபோன நிறுவலை முதலில் முடித்துவைக்க வேண்டும். ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ கொடுங்கள். பாதியில் நின்ற தொகுப்புகளை அது அமைத்து முடிக்கும். தொடர்ந்து ‘சூடோ ஏப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. அப்புறம் ‘சூடோ ஏப்ட் அப்டேட்’, ‘சூடோ ஏப்ட் ஃபுல்-அப்கிரேட்’. உங்களைப் போல நடுவில் கரண்ட் போனவர்கள் சிலருக்கு இந்த நான்கிலேயே, டிகேஎம்எஸ் விட்ட வேலையைத் தானே தொடர்ந்து முடித்து, அடுத்த பூட்டில் திரை பழையபடி வந்துவிடும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

வரவில்லையா? பழைய டிரைவரைத் தடம் தெரியாமல் நீக்குவோம். இதற்கு முன் யாராவது என்விடியா தளத்திலிருந்து ‘.ரன்’ என்று முடியும் கோப்பை இறக்கி நிறுவியிருக்கிறார்களா என்று நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துச் சர்வீஸ் ஆட்களில் பலருக்கு விண்டோஸ் பழக்கம் அதிகம். அதே பழக்கத்தில் தளத்துக்குப் போய் இறக்கி ஓட்டிவிடுகிறார்கள். அப்படி நிறுவியது உபுண்டுவின் தொகுப்புக் கணக்கில் வராது, அதனால் மேம்படுத்தும்போது அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த வழியில் வந்திருந்தால் முதலில் ‘சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்’. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தால் நல்லது, அந்த வழியில் வரவில்லை. அடுத்து ‘சூடோ ஏப்ட் பர்ஜ்’ என்று கொடுத்து, ஒற்றை மேற்கோளுக்குள் ‘என்விடியா-*’, இன்னொரு மேற்கோளுக்குள் ‘லிப்என்விடியா-*’ என்று சேர்த்துக் கொடுங்கள். எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அவசரப்பட்டு ஒய் அழுத்தாதீர்கள். பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டாப் என்றோ ஜிடிஎம்3 என்றோ தென்பட்டால் ‘என்’ விசையை அழுத்தி நிறுத்திவிடுங்கள். டிரைவர் தொடர்பானவை மட்டும் என்றால் தொடரலாம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு எச்சங்கள் தங்கக்கூடும். ஒன்று, ‘இடிசி’ கோப்புறையில் ‘எக்ஸ்11’ (இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்பதற்குள் இருக்கும் ‘எக்ஸ்ஆர்க்.கான்ஃப்’. என்விடியா அமைப்புப் பலகையில் இரண்டு மானிட்டரை வரிசைப்படுத்திச் சேமித்தபோது அது உருவாகியிருக்கும். “டிரைவர் என்விடியாதான்” என்று அதில் எழுதியிருப்பதால், அந்த டிரைவர் இல்லாதபோது திரை அமைக்கும் நிரல் மேலே போக முடியாமல் விழுந்துவிடும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி வையுங்கள். மற்றொன்று, ‘இடிசி’க்குள் ‘மோட்புரோப்.டி’ என்ற கோப்புறையில் நூவோவைத் தடுக்கும் கோப்பு. ‘பிளாக்லிஸ்ட் நூவோ’ என்ற வரி எந்தக் கோப்பில் இருக்கிறதோ அதை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். கடைசியாக ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’. இதை விட்டுவிட்டால் நீங்கள் நகர்த்திய தடைக்கோப்பின் பழைய நகல் தொடக்க நினைவகப் படிமத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். “கோப்பை எடுத்துவிட்டேன், ஆனாலும் நூவோ வரவில்லை” என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இப்போது ரீஸ்டார்ட் செய்தால் நூவோவில் இரண்டு மானிட்டர்களும் முழுத் தெளிவில் எரிய வேண்டும். ஆல்பத்தை முடித்துக் கொடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: டிரைவர் மாறும்போது துளைகளின் பெயரும் மாறும். என்விடியா டிரைவர் ஹெச்டிஎம்ஐ-0 என்று சொன்னதை நூவோ ஹெச்டிஎம்ஐ-1 என்று சொல்லும். அதனால் எந்த மானிட்டர் இடப்பக்கம், எது முதன்மை என்று நீங்கள் சேமித்து வைத்தது கலைந்துபோகும். மானிட்டருக்கு நிறச் சுயவிவரம் போட்டு வைத்திருந்தால் அதுவும் கழன்றிருக்கலாம். அமைப்புகளில் நிறம் என்ற பகுதியைத் திறந்து பார்க்காமல் ஆல்பத்தை லேபுக்கு அனுப்ப வேண்டாம். பட்டுப்புடவையின் அரக்கு நிறம் அச்சில் செங்கல் நிறமாக வந்தால் அந்த வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாது.

வேலை ஓய்ந்த பிறகு என்விடியா டிரைவருக்கு வருவோம். கார்டு ஜிகே208 என்றால் வழி எளிது. முதலில் கெர்னல் தலைப்புக் கோப்புகளும் கம்பைலரும் வேண்டும்: ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பில்ட்-எசென்ஷியல்’. டிகேஎம்எஸ் கட்டாமல் நின்றதற்குத் தலைப்புக் கோப்புகள் இல்லாததும் ஒரு வழக்கமான காரணம். பின்னர் ‘உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்’ கொடுத்தால் உங்கள் கார்டுக்குப் பொருந்துபவற்றை அதுவே பட்டியலிட்டு, ஒன்றின் பக்கத்தில் ‘ரெகமண்டட்’ என்று குறித்திருக்கும். கெப்ளர் கார்டுக்கு 470 வர வேண்டும். ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் என்விடியா-டிரைவர்-470’ என்று கொடுத்து, கட்டி முடியும்வரை பொறுத்திருங்கள். முன்பு ஏதாவது பிபிஏ (வெளியார் தொகுப்புக் களஞ்சியம்) சேர்த்து அதிலிருந்து டிரைவர் எடுத்திருந்தால், மேம்படுத்தும்போது உபுண்டு அதைத் தானாகவே முடக்கி வைத்திருக்கும். அதைத் திரும்ப இயக்க வேண்டாம், உபுண்டுவின் சொந்தக் களஞ்சியமே இந்தக் கார்டுக்குப் போதும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில்தான் பலர் கடைசிப் படியில் வழுக்கி விழுகிறார்கள். கையொப்பம் இல்லாத எதையும் கெர்னலுக்குள் ஏற்றவிடாத காவல் அது. உபுண்டு தானே கட்டிக் கையொப்பமிட்டு அனுப்பும் டிரைவர்களுக்குச் சிக்கல் இல்லை. உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் கட்டும் டிரைவருக்கு உங்கள் கணினியின் சொந்தச் சாவியால்தான் கையொப்பம் விழும், அந்தச் சாவியைக் கணினியின் ஃபர்ம்வேர் பக்கம் ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். டிரைவரை நிறுவும்போது நடுவில் ஒரு கடவுச்சொல் கேட்குமே, அது இதற்காகத்தான். எண்களாலான எளிய ஒன்றைக் கொடுத்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது தானாகக் கடந்து போய்விடும், சாவி பதியாது, டிரைவர் ஏறாது. கணினியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் அவ்வளவுதான். விசையை அழுத்தி ‘என்ரோல் மோக்’, ‘கண்டின்யூ’, ‘யெஸ்’ என்று போய், எழுதி வைத்த கடவுச்சொல்லைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தவறவிட்டுவிட்டால் ‘சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ’ கொடுத்தால் அடுத்த பூட்டில் அதே நீலத் திரை மறுபடி வரும். டிரைவரைத் திரும்ப நிறுவ வேண்டியதில்லை.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்பார்கள். உபுண்டு மட்டும் இருக்கும் ஸ்டுடியோ கணினியில் அணைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் (வன்தட்டைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால், அணைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி உங்கள் கையில் இல்லை என்றால் படங்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சாவியைப் பதிவு செய்வது ஐந்து நிமிட வேலை, அதையே செய்யுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ என்ற கட்டளை கார்டின் பெயர், டிரைவர் எண், வெப்பநிலை எல்லாம் அடங்கிய கட்டம் ஒன்றைக் காட்டும். டிரைவரோடு பேச முடியவில்லை என்று பதில் வந்தால் டிரைவர் ஏறவில்லை, மேலே சொன்ன நான்கையும் திரும்பப் படியுங்கள். ‘டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் கலங்கவே வேண்டாம். உபுண்டு பின்னணியில் டிரைவரைப் புதுப்பித்துவிட்டது, நினைவகத்தில் பழையதே ஓடுகிறது. ஒரு ரீஸ்டார்ட் போதும். உள்நுழைவுத் திரை வந்து, கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி அங்கேயே வந்து நின்றால், வலது கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி வேலண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்கைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள் (இரண்டும் திரையை அமைக்கும் ஏற்பாடுகள்). 470 வரிசைக்கு எக்ஸ்ஆர்க்தான் ஒத்துப்போகும்.

கார்டு ஜிஎஃப்108 என்றால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: 24.04-இல் என்விடியா டிரைவருக்காக மெனக்கெட வேண்டாம். 390-ஐப் புதிய கெர்னலில் ஒட்டவைக்க யார் யாரோ எழுதிய ஒட்டுத் திருத்தங்கள் இணையத்தில் உலவுகின்றன. ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் அவை மறுபடி உடையும். தொழில் செய்யும் கணினியில் அது தேவையில்லாத வேதனை. நூவோவிலேயே இருங்கள், இல்லை என்றால் 22.04-க்குத் திரும்புங்கள், அதற்கு 2027 வரை வழக்கமான ஆதரவு இருக்கிறது. இந்த ஒரு நிலையில் மட்டும் கார்டு மாற்றுவதும் நியாயமான யோசனைதான். ஆனால் ‘அடுத்தது’ என்று ஜிடி 1030-ஐ வாங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது பாஸ்கல் தலைமுறை, அந்தத் தலைமுறைக்கு 580-ஓடு என்விடியா டிரைவர் வரிசை முடிகிறது. காசு போடுவது என்று முடிவெடுத்தால் டியூரிங்கோ அதற்குப் பிந்தியதோ பாருங்கள், அல்லது ஏஎம்டி கார்டு எடுங்கள். ஏஎம்டியின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் மேம்படுத்தும்போது இந்தத் தலைவலி பெரும்பாலும் வருவதில்லை.

ஸ்டுடியோக்களில் இன்னொரு கணினியில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருப்பது வழக்கம். அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் எல்லோரும் 11-க்கு மாறுகிறார்கள், அங்கும் இதே கதை நடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர் பகுதியில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற கருவியால் பழைய டிரைவரைத் துடைத்து, முன்கூட்டியே இறக்கி வைத்த பொருத்தமான டிரைவரை நிறுவுங்கள். இணையம் இருந்தால் நீங்கள் துடைத்த இடத்தில் விண்டோஸ் அப்டேட் தன் விருப்பப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை திடீரென்று உறைந்தால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் கோப்பு போகாது. எதுவுமே சரிப்படவில்லை என்றால், மாறிய 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அமைப்புகளில் இருக்கிறது.

டெல்டாவில் இருப்பவர்கள் மேம்படுத்தும் முன் மின்சாரத்தை மறக்கவே கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் நாளிதழில் முன்கூட்டியே வரும், அதைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அதில் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மின்விசிறிக்குத் தெரியாத அந்தச் சிறு இடைவெளி கணினியை அணைத்துவிடும். ஆல்பக் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்து, டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் இயங்குதளத்தின் ஒரு படிமமும் எடுத்து வைத்தால் பாதியில் எது நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். முகூர்த்த மாதத்தில் இயங்குதளத்தைத் தொடவே தொடாதீர்கள்.

கார்டே கெட்டுப்போகும் சந்தர்ப்பமும் நம் பக்கம் உண்டு, அதையும் சொல்லாமல் விட முடியாது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது தெருவெல்லாம் நெல் காயும், சுணையும் தூசியும் கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். கார்டின் வெப்பத் தகட்டில் அது பஞ்சுபோல் அடைந்துகொண்டால் விசிறி சுற்றியும் பயனில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று கார்டின் பொன்னிறப் பற்களை மங்கவைக்கும். ஆனால் இவற்றின் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். வெப்பம் என்றால் திரை நன்றாக வந்து, வேலை பளுவாகும்போது மட்டும் உறையும் அல்லது அணையும். பற்கள் மங்கினால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, லோகோவே தெரியாமல் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, மென்மையான பென்சில் ரப்பரால் பற்களை ஒரே திசையில் துடைத்து, தூசியை ஊதித் தள்ளி மறுபடி அழுத்திச் செருகினாலே பாதி சரியாகிவிடும். உங்களுக்கு மேம்படுத்திய அன்றுதான் தொடங்கியது, லோகோ ஒவ்வொரு முறையும் சுத்தமாக வருகிறது. அதனால்தான் கார்டின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இவ்வளவும் செய்து திரை வரவில்லை என்றால் எல்எஸ்பிசிஐ காட்டிய விஜிஏ பகுதி, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ், மோகுடில் சொன்ன வரி, டிமெஸ்ஜியில் என்விஆர்எம் வரிகள் நான்கையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள். டிகேஎம்எஸ் கட்டும்போது பிழை வந்திருந்தால் ‘வார்’, ‘லிப்’, ‘டிகேஎம்எஸ்’, ‘என்விடியா’ என்று கோப்புறைகளுக்குள் போனால் ‘மேக்.லாக்’ என்ற கோப்பு இருக்கும், அதில் முதலில் வரும் ‘எரர்’ வரியையும் சேர்த்து அனுப்புங்கள். கடைசி எரர் வேண்டாம், முதலாவதுதான் வேண்டும்.